ஒன்றாம் பால் பிரியும் நேரம்

1

இந்தக் கதை ஒரு போன் அழைப்பில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெரிய தூண்டுதல் எதுவும் இல்லை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பெங்களூரிலிருந்து என் மகள் பிரிஜா கூப்பிட்டாள். காலையில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டாள். பிஸ்கட் என்றேன். மத்தியானம் என்ன என்றாள். அதுவும் பிஸ்கட்தான், ஆனால் வேறு பிஸ்கட் என்றேன். சிரிப்பாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

வீட்டைப் பூட்டிவிட்டு அவளோடு வந்துவிட வேண்டும் என்றாள். மருமகன் பெனினும் அதையே சொல்கிறானாம். அவர்கள் வீட்டில் எனக்கென்று ஓர் அறை, அறைக்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே இன்னொரு வீட்டு ஜன்னல். எல்லாம் தயார். எனக்கோ குழித்துறையை விட்டுப் போக மனம் இல்லை. எனக்கும் சமைக்கத் தெரியும், அதற்கு வெளிநாட்டுச் சான்றிதழே வைத்திருக்கிறேன் என்றேன்.

“அப்பா, அம்மா எல்லாம் சொல்லியிருக்கா. தாய்லாந்துல நீங்க பாலப் பிரிச்சுப்போட்ட கத எனக்க ஆபீசுக்கே தெரியும்.”

கடைசியில் ஒரு உடன்படிக்கை ஆயிற்று. இந்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை அவள் வருவாள். அன்று மத்தியானச் சோறும் கறியும் என் கையால், யார் துணையும் இல்லாமல், நான் வைத்துக் கொடுக்க வேண்டும். அது தின்னக் கொள்ளும் என்றால் நான் என் வீட்டிலேயே இருக்கலாம். கொள்ளாது என்றால் மறுநாள் வண்டியில் அவளோடு கிளம்ப வேண்டும். இரண்டு பேரும் பேச்சு மாறக்கூடாது.

பால் பிரிந்த அந்தக் கதை இன்றுவரை ஒரு தரப்பின் வாய்மொழியாக மட்டுமே ஊரில் உலவுகிறது. மறுதரப்பும் எழுத்தில் வந்துவிடட்டும் என்றுதான் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

2

குழித்துறைப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே முப்பத்தாறு வருடம் பிறத்தியாருக்கு ஆதாரம் எழுதிக் கொடுத்தவன் நான். (ஆதாரம் என்றால் எங்கள் பக்கத்தில் நிலத்துப் பத்திரம்.) அந்தத் தொழிலில் ஒரு கண்டிப்பு உண்டு. எழுதியதை அடிக்கலாம், ஆனால் அடித்தது தெரிய வேண்டும். சுரண்டி அழித்தால் பத்திரம் செல்லாது. முப்பத்தாறு வருடப் பழக்கத்தை இப்போது மாற்ற முடியாது. ஆகவே அடித்தவற்றை அடித்தபடியே விட்டிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: ‘அது ஒரு மழைநாள். வானம்…’ [அடித்தேன். அது பிப்ரவரி மாதம். ஒரு சொட்டு மழை இல்லை. கதை என்றால் மழையில் தொடங்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை.]

இரண்டாம் தொடக்கம்: ‘தாய்லாந்து தேசம் சியாங் மாய் நகரத்துக்கு வெளியே, வாய்க்காலுக்கு மேற்கு, வாழைத்தோப்புக்குத் தெற்கு, மண்சாலைக்குக் கிழக்கு…’ [அடித்தேன். எல்லைகள் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த இடத்தை யாரும் யாருக்கும் கிரையம் செய்யப் போவதில்லை.]

மூன்றாம் தொடக்கம்: ‘நானும் என் மனைவியும்’ [இங்கே பேனா நின்றுவிட்டது. எழுந்துபோய் முற்றத்தைப் பெருக்கிவிட்டு வந்தேன். ஏற்கெனவே பெருக்கிய முற்றம்தான்.]

‘நான்’ என்று எழுதினால் பேனா நகராது என்று புரிந்தது. பதிலாக ஒரு ஆளை நிறுத்திக்கொள்கிறேன். அவன் பெயரும் ஏசுஅடிமைதான். அவனும் ஆதாரம் எழுதுகிறவன்தான். ஆனால் அவன் வேறு, நான் வேறு. ‘அவர்’ என்று மரியாதையாக எழுதலாமா என்று யோசித்தேன். என் கையெழுத்தை அறிந்த யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். ‘அவன்’ போதும். மனைவியின் பெயரை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அவள் ஞானபாய்.

3

ஏசுஅடிமைக்கும் ஞானபாய்க்கும் கல்யாணமாகி நாற்பது வருடம் நிறைந்ததற்காக மகள் பிரிஜா அவர்களைத் தாய்லாந்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முதல் மூன்று நாளும் கோயில், யானை, கடை என்று போயிற்று. நான்காம் நாள் பிரிஜாவுக்கு விடுதியில் உட்கார்ந்தே ஆபீஸ் வேலை. இந்த இரண்டு பேரையும் ஒரு பகல் முழுவதும் ஓர் அறையில் விட்டால் ஏசியின் குளிர் எத்தனையில் இருக்க வேண்டும் என்று சண்டை போடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே ஊருக்கு வெளியே ஒரு சமையல் வகுப்புக்குப் பெயர் கொடுத்து, வேனில் ஏற்றிவிட்டாள்.

ஞானபாய் வேனின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். “எனக்குக் கறிவைக்கப் படிப்பிச்சுத்தாறதுக்கா மக்ளே இவ்வளவு தூரம் பிளேன்ல கொண்டுவந்த?”

அவள் அப்படிக் கேட்டதில் நியாயம் உண்டு. அதை விளக்க வேண்டுமானால் தேங்காய்ப் பாலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

தேங்காயைத் திருவிப் பிழிந்தால் முதலில் கெட்டியாக வருவது ஒன்றாம் பால். அந்தச் சக்கையிலேயே தண்ணீர் விட்டுப் பிழிந்தால் இரண்டாம் பால். மறுபடியும் பிழிந்தால் மூன்றாம் பால். வேகிறதெல்லாம் மூன்றிலும் இரண்டிலும் வேக வேண்டும். ஒன்றாம் பால் கடைசியில்தான் வரும். ஊற்றியபின் கொதிக்கவிடக் கூடாது. ஓர் ஆவி பறந்ததும் இறக்கிவிட வேண்டும். கொதித்துவிட்டால் எண்ணெய் தனியாகப் பிரிந்து, மீதி திப்பிதிப்பியாக நிற்கும். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் பால் பிரிந்துவிட்டால் அந்த வீட்டுக்காரி அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பின்வரிசையில்தான் உட்காருவாள்.

ஞானபாய் ஒருநாளும் பின்வரிசையில் உட்கார்ந்தவள் அல்ல. நாற்பது வருடத்தில் அவள் கையில் ஒருமுறைகூடப் பால் பிரிந்ததில்லை. கல்யாண வீடுகளில் பாயசத்துக்கு ஒன்றாம் பால் ஊற்றும் நேரம் வந்ததும், சமையல்காரரே ஆள் அனுப்பி அவளைக் கூப்பிடுவார். அவள் வந்து உருளியை எட்டிப் பார்ப்பாள். “ம்” என்பாள். அவர் ஊற்றுவார். இன்னொரு “ம்” என்பாள். இறக்குவார். பட்டுச்சேலையில் ஒரு துளி தெறிக்காமல் பந்திக்குத் திரும்பிப் போய்விடுவாள்.

ஏசுஅடிமையைப் பொறுத்தமட்டில், அவனுக்கு அடுக்களை என்பது சத்தம் வருகிற ஒரு திசை.

வகுப்பு நடத்தியவள் பிம் என்ற பெண். முப்பது வயது இருக்கும். எப்போதும் சிரிக்கத் தயாராக இருக்கிற முகம். இவர்களைத் தவிர டென்மார்க்கிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். இருவரும் கூரையின் மூங்கிலில் தலை இடிக்கும் உயரம். பிம்முக்கும் ஞானபாய்க்கும் தெரிந்த ஆங்கிலம் ஏறக்குறைய ஒரே நீளம் என்பதால் அவர்கள் இருவரும் நன்றாகப் பேசிக்கொண்டார்கள். ஆபீஸ் ஆங்கிலம் தெரிந்த ஏசுஅடிமைக்குத்தான் எதுவும் விளங்கவில்லை.

முதலில் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினாள் பிம். மண்ணிலிருந்து இஞ்சி மாதிரி ஒரு கிழங்கைப் பிடுங்கி முகரக் கொடுத்தாள். ஞானபாய் முகர்ந்துவிட்டுக் கணவனிடம் நீட்டினாள்.

“அரத்தை. நம்ம நாராயணபெருமாள் கடையில சளிக்குத் தாற சாமானில்லியா இது. இதயா கறியில போடுகாவ?”

அடுத்து ஒரு இலை. நம்ம நாரத்தை இலைக்கு உறவுக்காரன் என்றாள் ஞானபாய். அடுத்து எலுமிச்சை வாசம் அடிக்கிற ஒரு புல். “புல்லு” என்றாள், அவ்வளவுதான். தோட்டத்தில் இருந்த எல்லாவற்றையும் அவள் அடையாளம் கண்டாள், எதையும் மதிக்கவில்லை.

[ஒரு குறிப்பு. ‘புல்லு’ என்று அவள் சொன்னது தோட்டத்திலா, திரும்பி வரும்போது வேனிலா என்பது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. சாட்சி சொல்ல டென்மார்க்குக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. தோட்டம் என்றே வைத்துக்கொள்வோம்.]

4

இப்போது நடக்கப்போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நான்கு அடுப்புகள் வரிசையாக இருந்தன. ஒரு கோடியில் டென்மார்க் கணவன், அடுத்து அவன் மனைவி, அடுத்து ஏசுஅடிமை, மறுகோடியில் ஞானபாய். எதிரே பிம்மின் அடுப்பு. செய்ய வேண்டியது சிவப்பு மிளகாய் இடித்துச் சேர்த்த ஒரு கோழிக்கறி. இடிக்கிற வேலையில் ஞானபாய் எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு, டென்மார்க்குக்காரியின் உரலையும் வாங்கி இடித்துக் கொடுத்தாள்.

பிறகு பிம் தன் சீனச்சட்டியை அடுப்பில் வைத்தாள். தீயைக் கூட்டினாள். காய்ந்த சட்டியில் முதல் சாமானாக ஒன்றாம் பாலை எடுத்து ஊற்றினாள்.

ஞானபாயின் முகத்தை அந்த நேரம் ஏசுஅடிமை பார்த்தான். ஓடுகிற பஸ்ஸிலிருந்து குழந்தையை வெளியே நீட்டுகிற ஒருத்தியைப் பார்க்கிற முகம்.

மற்ற மூன்று பேரும் பிம்மைப் பார்த்து அப்படியே ஊற்றினார்கள். ஞானபாய் ஊற்றவில்லை. மூன்றாம் பால் எங்கே என்று பிம்மிடம் கேட்டாள். அப்படி ஒன்று இல்லை என்று பிம் சிரித்தாள்.

“பாலு கொதிக்கப்போவுது” என்றாள் கணவனிடம், மெதுவாக.

“அவ சொன்னதச் செய்யுகேன்.”

“சொன்னா கெணத்துல சாடுவியளா?”

ஏசுஅடிமையின் சட்டியில் ஓரத்தில் முதல் குமிழி வந்தது. அடுத்தது வந்தது. ஞானபாய் கையை நீட்டி அவன் அடுப்பை அணைத்தாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பக்கத்தில் இன்னொரு பெண்ணின் பாலும் பிரியப் போகிறதே. தெரிந்த ஒருத்தி எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பாள்? அவனைச் சுற்றிக்கொண்டு போய் டென்மார்க்குக்காரியின் அடுப்பை அணைத்தாள். அவள் கணவனின் அடுப்பை அணைத்தாள். எதிரே போய் ஆசிரியையின் அடுப்பையும் அணைத்தாள். டிக், டிக், டிக், டிக் என்று நாலு சத்தம்.

டென்மார்க்குக்காரன் கரண்டியோடு திகைத்து நின்றான். ஞானபாய் அவன் கையைத் தட்டிக்கொடுத்துச் சுத்தத் தமிழில் சொன்னாள்: “ஒண்ணும் ஆவல்ல மக்ளே. சமயத்துக்குப் பாத்துட்டேன்.” எங்கள் பக்கத்தில் ஆணோ பெண்ணோ, பிள்ளைகளைத்தான் மக்ளே என்போம். நாற்பது வயதுக்காரன் அவன். என்ன புரிந்ததோ, இரண்டு கையையும் கூப்பி நன்றி சொன்னான்.

பிம் சிரித்த சிரிப்பில் தூணைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சிரித்து முடித்துவிட்டு ஞானபாயின் கையைப் பிடித்துத் தன் அடுப்பருகே நிறுத்திக்கொண்டாள். மறுபடி தீ மூட்டினாள். பால் கொதித்தது, சுருங்கியது, ஓரத்தில் எண்ணெய் பளபளவென்று பிரிந்து வந்தது. அந்த எண்ணெயில் இடித்த மசாலாவைப் போட்டு வதக்கினாள். அப்போது எழுந்த மணத்தை எழுத எனக்குத் தெரியாது. அவர்கள் கறிக்குத் தனியாக எண்ணெய் விடுவதில்லை. பாலிலிருந்தே எண்ணெயை எடுத்துக்கொள்கிறார்கள். பால் பிரியாவிட்டால்தான் அங்கே கறி கெட்டுப்போனது.

ஞானபாய்க்கு ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. தலையை ஆட்டினாள். தன் அடுப்புக்குத் திரும்பினாள். பாலை ஊற்றினாள். அது கொதிக்கத் தொடங்கியதும் அவள் கை தானாகப் போய்த் தீயைக் குறைத்தது. அவளே ஒருமுறை கூட்டினாள். கை மறுபடியும் போய்க் குறைத்தது. மூன்றாம் முறை கையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு நின்று பார்த்தாள். அதுவும் பலிக்கவில்லை.

ஏசுஅடிமையின் கைக்கோ எந்தப் பழக்கமும் இல்லை. அது சொன்னதைச் செய்தது. பால் அழகாகப் பிரிந்தது.

5

[இந்த இடத்தில் என் ஆள்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. இவன் ஜெயிக்கப் போகிறான். தன் தரப்பைத் தானே எழுதுகிறவன் ஜெயித்தால் நான் நம்பமாட்டேன். பதிவு அலுவலகத்தில் அப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இவற்றையும் சேர்த்துக்கொள்கிறேன்: கோழியை வெட்டும்போது ஏசுஅடிமை விரலையும் வெட்டினான். உப்பு எது, சீனி எது என்று பிம்மிடம் மூன்று தடவை கேட்டான். ஏப்ரனைத் திருப்பிக் கட்டியிருந்தான்.]

பிம் ஒவ்வொரு சட்டியாக ருசி பார்த்து வந்தாள். ஏசுஅடிமையின் கறியை ஒரு வாய் வைத்தாள்; இன்னொரு வாய் வைத்தாள். பிறகு சட்டியை அப்படியே தூக்கிக் காட்டி, இதுதான், இப்படித்தான் என்றாள். ஞானபாயின் கறியை ருசி பார்த்துவிட்டு நல்ல சூப் என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் ஞானபாய் வைத்த ஒன்றை நல்ல சூப் என்று ஒருத்தி சொன்னதை ஏசுஅடிமை முதல்முறையாகக் கேட்டான். மனைவியின் பக்கம் திரும்பத் துணியாமல் மேஜையில் போய் உட்கார்ந்தான்.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவன் தட்டிலிருந்து ஒரு கரண்டி எடுத்துத் தின்றாள். இன்னொரு கரண்டி எடுத்தாள். பிறகு கேட்காமல் கொள்ளாமல் தன் தட்டை அவன் பக்கம் தள்ளிவிட்டு அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நாப்பது வருசமா இந்தக் கைய ஒளிச்சில்லியா வச்சிருந்திய. சதிகாரன்.”

தட்டைக் காலி செய்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள். “வீட்டுக்குப் போனபொறவு ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நீங்க வையுங்க. நான் கோயில்ல இருந்து வந்து சும்மா இருந்து தின்னணும்.”

ஆகட்டும் என்றான் ஏசுஅடிமை. சந்தோஷமாகத்தான் சொன்னான்.

6

ஊர் திரும்பிய வாரமே கோயிலில் நடந்த பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் பக்கத்து வீட்டு விக்டோரியா, தாய்லாந்தில் அண்ணன் என்ன சமைத்தார் என்று கேட்டாள். ஞானபாய் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சொன்னாள்: “என்னத்தச் சொல்ல. அவரு பாலப் பிரிச்சுப்போட்டாரு.”

கோயில் கூரை அதிரச் சிரித்தார்களாம். அன்றிலிருந்து அது ஊர்க்கதை. ஆதாரம் எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவள் சொன்னதில் பொய் ஒரு எழுத்துக்கூட இல்லை. மற்றவற்றைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து கணவனிடம் தானே அதைச் சொல்லிக்காட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவன் மறுக்கட்டும் என்று காத்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

ஏசுஅடிமை மறுக்கவில்லை. ஏன்? பெருந்தன்மை என்று எழுதி வைத்திருந்தேன். [அடித்தேன்.] உண்மை இதுதான்: மறுத்தால் ஞாயிற்றுக்கிழமை சமைக்க வேண்டி வரும்.

முதல் ஞாயிறு அவள் நினைவுபடுத்தினாள். அந்த அரத்தை இங்கே கிடைக்காதே என்றான். சளிக்கடையில் கிடைக்கும் என்றாள். அது வேறு அரத்தை என்றான். அடுத்த ஞாயிறு, அந்த இலை இங்கே எங்கே கிடைக்கும் என்றான். அதற்கு அவள் அவனையே சற்று நேரம் பார்த்தாள். மூன்றாம் ஞாயிறு அவள் கேட்கவில்லை. எப்போதும்போல மீன்கறி வைத்து, எப்போதும்போலப் பரிமாறினாள்.

காலண்டரைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன். தாய்லாந்திலிருந்து வந்தபின் இருபத்திரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்திருக்கின்றன.

7

ஜூலை மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஞானபாய்

[இந்த வாக்கியத்தை அடிக்கவில்லை. முடிக்கவும் இல்லை. இப்படியே இருக்கட்டும்.]

8

அது போன வருடம். சில மாதங்கள் சோறு அக்கம்பக்கத்திலிருந்து வந்தது. பிறகு பிஸ்கட். பிறகு அந்தப் போன்.

உடன்படிக்கை ஆன மறுநாள் காலையில் ஏசுஅடிமை குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். தன் கைக்குத் தெரிந்த கறி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் வைக்க முடியும். கோழிக்குப் பதில் மீன் போட வேண்டும், ஏனென்றால் பிரிஜாவுக்கு மீன்தான். மற்றச் சாமான்களைத் தேடத் திருவனந்தபுரம்வரை போக வேண்டியிருக்கலாம் என்று மாற்றுச் சட்டையும் பையில் வைத்திருந்தான்.

முதலில் சந்தைப் பக்கம் நாராயணபெருமாளின் நாட்டுமருந்துக் கடை.

“சளியா சாரே?”

“இல்ல. அரத்தை கறிக்கு.”

நாராயணபெருமாள் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். “கறிக்கா? ஞானபாயம்மா இருந்தா ஒங்கள வெரட்டியிருப்பாவ.”

“வெரட்டமாட்டா. அவதான் வைக்கச் சொன்னா.”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பொட்டலத்தைக் கட்டினார்.

அங்கே மசாலாவில் சேர்த்து இடித்த இறால் விழுதுக்குப் பதிலாகச் சந்தையில் கூனி வாங்கினான். பொடி இறாலைக் காயவைத்தது, எங்கும் கிடைக்கிறதுதான். எலுமிச்சைப் புல் விக்டோரியா வீட்டு வேலியோரம் இடுப்பளவு நின்றது. கொசுவுக்காக வைத்ததாம். எவ்வளவு வேண்டுமானாலும் அறுத்துக்கொள்ளச் சொன்னாள். எதற்கென்று கேட்டு, விடை கிடைத்தபின் வாசல்வரை வந்து நின்று பார்த்தாள்.

மிஞ்சியது அந்த இலை. எங்கே போய்த் தேடுவது என்று யோசித்தபடி ஏசுஅடிமை தன் வீட்டுப் பின்கதவைத் திறந்தான். கிணற்றடியில் நாரத்தை மரம் நின்றது. ஊறுகாய்க்காக ஞானபாய் நட்டு வளர்த்த மரம். அடுக்களைக் கதவிலிருந்து பதினாலு காலடி.

இப்போது அவள் அன்றைக்கு ஏன் அப்படிப் பார்த்தாள் என்று விளங்கியது. மணி பத்தரைகூட ஆகவில்லை. மாற்றுச் சட்டை பையிலேயே இருந்தது.

[இங்கே அவன் மரத்தடியில் உட்கார்ந்து அழுததாக ஒரு பத்தி இருந்தது. அடித்தேன். நடந்தது உண்மைதான். ஆனால் பத்தி நன்றாக இல்லை.]

பயிற்சிக் கறிகள் நாலு. முதல் கறியை விக்டோரியா வீட்டு நாய் முகர்ந்துவிட்டு, மனிதரைப் போலவே ஒரு அடி பின்னால் போய் நின்றது. இரண்டாவதில் உப்பு என்று நினைத்துச் சீனி. சியாங் மாயில் மூன்று தடவை கேட்டவனுக்கு இங்கே கேட்க ஆள் இல்லை. மூன்றாவதிலும் நாலாவதிலும் எல்லாம் சரியாக வந்தது. பால் மட்டும் பிரியவில்லை.

பிரிக்கத் தெரிந்த ஒரே ஆள் இவன். ஊர் முழுக்க அதற்குச் சாட்சி உண்டு. என்ன பிழை என்று நாலாவது கறியில்தான் கண்டுபிடித்தான். பால் நுரைத்துக்கொண்டு வரும் நேரம் அவன் கை தானாகப் போய்த் தீயைக் குறைத்துக்கொண்டிருந்தது. அவன் கூட்டினான். கை போய்க் குறைத்தது. எந்தப் பழக்கமும் இல்லாத கைக்கு இது எப்போது வந்தது, யார் கொடுத்தது என்று அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

பாலைப் பிரித்தால் அது அவன் கறி. பிரிக்காவிட்டால் பச்சை மசாலா மணக்கிற நல்ல சூப். சூப்புக்குப் பிரிஜா மசியமாட்டாள். பெங்களூர் வண்டிதான்.

9

வாசகரே, முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: பிரிஜா ஒரு வாய் சாப்பிட்டாள். அவள் கண்கள் நிறைந்தன. “அப்பா…” [அடித்தேன். பிரிஜா அந்த ரகம் இல்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றபோதுகூட அவள் அழவில்லை, டீச்சர்தான் அழுதார்.]

முடிவு இரண்டு: கறி கெட்டது. ஏசுஅடிமை பெங்களூருக்குப் போனான். அவன் அறை ஜன்னலைத் திறந்தால் எதிர் ஜன்னலில் அவனைப் போலவே ஒரு ஆள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். இருவரும் கையசைத்துக்கொண்டார்கள். நாளடைவில் பிஸ்கட் மாற்றிக்கொள்ள ஒரு கயிறும் கூடையும்… [இது எனக்குப் பிடித்துவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது. இதற்குமேல் எழுதினால் நானே பெட்டி கட்டிவிடுவேன்.]

முடிவு மூன்று: கதவருகே ஞானபாய் [அடித்தேன். இறந்தவரை ஆதாரத்தில் கையெழுத்துப் போட வைக்க முடியாது. முப்பத்தாறு வருடத்தில் அந்தத் தப்பை நான் செய்ததில்லை.]

முடிவு நாலு என்று எண் மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

10

இன்று இரண்டாம் சனிக்கிழமை. பெங்களூர் வண்டி மத்தியானம் குழித்துறைக்கு வரும். இந்தப் பக்கத்தை அடுக்களையில் நின்றுகொண்டே எழுதுகிறேன். ‘அவன்’ என்று எழுத இனி நேரம் இல்லை.

காலையில் பாறை மீன் வாங்கினேன். தேங்காய் இரண்டு திருவினேன். மசாலாவைத் தண்ணீர் விடாமல் இடித்தேன். பதினோரு மணிக்குச் சட்டியை வைத்து, தீயைக் கூட்டி, ஒன்றாம் பாலை ஊற்றினேன். ஓரத்தில் குமிழி வந்தது. என் கை கிளம்பியது. அது பாதி வழியில் இருக்கும்போது அதை நான் பார்த்தேன். அதற்கப்புறம் என்ன நடந்தது என்பது இப்போது மூடி போட்ட சட்டிக்குள் இருக்கிறது. எழுத்தில் வராது.

வாசகரே, நீங்கள் முன்பின் தெரியாதவராக இருந்தால், முடிவை உங்கள் கையில் விடுகிறேன். உங்கள் வீட்டில் பால் பிரியலாமா கூடாதா என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதன்படி முடித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதை வாசிப்பது பிரிஜாவாக இருந்தால்: மக்ளே, கதவு சாத்தித்தான் இருக்கிறது, பூட்டவில்லை. நோட்டை மேஜைமேல் கண்டதும் எடுத்து வாசித்திருப்பாய், நீ அப்படித்தான். இங்கே நிறுத்திவிட்டு முதலில் சாப்பிடு. சோறு வடித்து வைத்திருக்கிறேன். கறி அடுப்பின்மேல்.

நான் பின்பக்கம் நிற்கிறேன். நீ வாயில் வைக்கும்போது பக்கத்தில் நின்று உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. உன் அம்மா நாற்பது வருடம் எனக்குப் பரிமாறிவிட்டு, உடனே அடுக்களைக்குள் போய் நின்றுகொள்வாள். வேலை இருக்கிறது என்று நினைத்திருந்தேன். வேலை இல்லை. காது கொடுத்து நின்றிருக்கிறாள். இன்றைக்குப் பதினொன்றேகாலுக்குத்தான் அது எனக்குத் தெரிந்தது.

நான் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. தின்றுவிட்டுக் கை கழுவப் போய்விடுவேன்.

நீ அப்படிச் செய்யாதே. நல்லதோ கெட்டதோ, ஒரு வாய் தின்றதும் சொல்லிவிடு. உரக்கச் சொல்லு. இங்கே கேட்கும்.